அலமு அத்தை மடியில் வைத்த நாடா

அமாவாசையன்று எங்கள் தெருவில் தறிச் சத்தம் கேட்காது. நாய்கள்கூடச் சந்தேகத்தோடு நிமிர்ந்து பார்க்கும். நெசவுக்காரர்களுக்கு அன்று ஓய்வு. மற்றவர்கள் சினிமாவுக்கோ சீட்டாடவோ போவார்கள். எதிர்வீட்டு அலமு அத்தை மட்டும் புளிச்சோறு கட்டிக்கொண்டு புருஷனையும் கொழுந்தனையும் ஓரிக்கைப் பாலாற்றுக்கு ஓட்டிக்கொண்டு போவாள்.

"தறிக்கு லீவு உடறோம். மனசுக்கு எவன் உடுவான்?" என்பாள். சோற்றுக்காக நானும் பின்னால் போவேன் என்பதால் இந்தத் தத்துவத்தை எதிர்த்ததில்லை.

அத்தையின் புருஷன் வீரபத்திர மாமா தறிக்குழியில் கால் விட்டு நெய்வார். தம்பி தர்மன் பக்கத்தில் உட்கார்ந்து, சேலைக் கரைக்கான நாடாவை, நூல் கண்டு வைத்த அந்தப் படகு மாதிரிக் கட்டையை, தள்ளுவார். பாட்டும் வசவுமாக இருவரும் நெய்வார்கள். அறுபத்தெட்டாம் வருஷம் ஐப்பசியில் மஞ்சள் காமாலை தர்மனைக் கொண்டுபோயிற்று. மாமா அழவில்லை. காரியம் முடிந்ததும் குழியில் இறங்கினார். சோற்றுக்கும் தூக்கத்துக்கும் தவிர ஏறவில்லை. தர்மன் இடத்தில் அத்தை உட்கார்ந்தாள். மாமாவின் பேச்சு நின்றது, கால்கள் வீங்கின.

"இப்டியே இருந்தா இவரையும் தூக்கிக்கினு போவ வேண்டியதுதான்" என்று அத்தை என் அம்மாவிடம் சொன்னாள்.

கார்த்திகை அமாவாசையன்று காலையில் மாமா வீட்டுத் தறி சத்தம் போட்டது. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. நான் போய் அவர்கள் ஜன்னலில் தொங்கினேன். சட்டென்று சத்தம் நின்றது. கரை நாடா அத்தையின் மடியில் இருந்தது. அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்திருந்தாள்.

"குடு."

"தரமாட்டேன்."

"அலமு, குடுன்றேன்."

"உங்க தம்பி போயிட்டாரு. நான் இருக்கேனே, கண்ணுக்குத் தெரியலியா? மேல வாங்க, ஆத்துக்குப் போவலாம்."

மாமா குழிக்குள் குனிந்து வீங்கிய காலைத் தடவினார். பிறகு, "காலு நடக்காதுடி" என்றார்.

அத்தை திரும்பாமலே, "டேய் பழனி, பல்லி மாதிரி தொங்கிக்கினு இருக்கியே, ஓடிப்போய் வாடகை சைக்கிள் எடுத்துக்கினு வா" என்றாள்.

மாமாவைக் கேரியரில் ஏற்றி மிதித்தேன். அத்தை தூக்குச்சட்டியோடு பின்னால் நடந்து வந்தாள். வழியெல்லாம் மாமா நெல்மூட்டை மாதிரி கனத்தார், பேச்சில்லை. ஆற்றங்கரை இறக்கத்தில் ஹேண்டிலிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்தேன்.

"டேய் கய்தே, ஹேண்டில புடிடா."

"புடிச்சா நீங்க பேசமாட்டீங்களே மாமா."

சேர்த்து வைத்திருந்த வசவெல்லாம் என் முதுகில் இறங்கியது. என் பாட்டன் வரைக்கும் போய்வந்தார். அவ்வளவு இனிப்பான திட்டை நான் அதற்கு முன் வாங்கியதில்லை.

ஆற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மாமா கரையில் உட்கார்ந்து காலை நனைத்தார். பின்னால் வந்த அத்தை பழக்கத்தில் நான்கு இலை விரித்துச் சோறு வைத்தாள். நாலாவது இலையைப் பார்த்ததும் மாமாவின் தோள்கள் குலுங்கின. அத்தை தண்ணீரில் இறங்கி அவர் பாதங்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். நான் கல் எறியப் போய்விட்டேன். கல் எறிந்தால் கண்ணில் மணல் விழும்.

இப்போது வாலாஜாபாத்தில் லாரி ஷெட்டில் இருக்கிறேன். இங்கே அமாவாசையும் பௌர்ணமியும் ஒன்றுதான். இருந்தாலும் அமாவாசையன்று எனக்கு வயிற்றுவலி வந்துவிடும்; முதலாளியிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறுவேன். அத்தை இன்னும் நாடாவை மடியில் வைத்துக்கொள்கிறாள். தேவையே இல்லை, மாமாதான் முதலில் செருப்பு மாட்டுகிறார். ஆற்றங்கரையில் நாலாவது இலையும் விரிகிறது. அதில் இருப்பதை மாமாவும் நானும் சண்டை போட்டுத் தின்கிறோம்.