ஒரே ஒரு படம் எடுத்த ஆரோக்கியதாஸ்

தாஸ் அண்ணனின் எண்ணிலிருந்து அழைப்பு வந்ததால், "சொல்லுங்கண்ணா, அந்த ரிசப்ஷன் ஃபுட்டேஜ்தானே?" என்று கேட்டுக்கொண்டேதான் எடுத்தேன். பேசியது அவர் மனைவி லூர்து அண்ணி. "அண்ணன் இல்லம்மா" என்றார். போனை வீட்டில் வைத்துவிட்டு எங்கோ போயிருக்கிறார் என்று நினைத்து, "வந்ததும் கூப்பிடச் சொல்லுங்கண்ணி" என்றேன்.  அண்ணி, "நிர்மலா, அண்ணன் இல்லம்மா" என்று அதையே திரும்பச் சொன்னார்.

முந்தைய நாள் மாலை பள்ளிகொண்டாவில் ஒரு திருமண வரவேற்பைப் படம் பிடித்துக்கொண்டிருந்தவர், நெஞ்சு அடைப்பதுபோல் இருக்கிறது என்று சொல்லி லைட்காரரிடம் கேமராவைக் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது. ஐம்பத்திரண்டு வயது.

ஆம்பூரில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. பாதி ஊரின் கல்யாண ஆல்பம் அவர் எடுத்தது. ஆனால் அவர் ஓர் ஆவணப்படம் எடுத்தார் என்பதும், அந்தப் படம் அவரை எப்படிப் பிடித்து வைத்திருந்தது என்பதும் சிலருக்குத்தான் தெரியும். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் அதே ஊரில் என் வீட்டு முன்னறையில் கல்யாண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுப்பவள். அண்ணன் எடுத்துக்கொண்டு வரும் காட்சிகளில் மணமக்களுக்குச் சமமாக வேறு ஆட்களும் இருப்பார்கள். பந்தியில் இலை எடுக்கும் அம்மா, மண்டபத்து வாசலில் செருப்பைத் தேடும் கிழவர். நான் எல்லாவற்றையும் வெட்டிவிடுவேன். ஒருநாள் பின்னால் நின்று பார்த்தவர், "அத அழிக்காத. தனியா ஒரு ஃபோல்டர்ல போட்டு வை" என்றார். எதற்கு என்று கேட்டதற்கு, "தெரில. இருக்கட்டுமே" என்றார்.

அந்த ஃபோல்டரில் ஒருநாள் கஸ்தூரி வந்தாள். நாட்றம்பள்ளிப் பக்கத்துக் கிராமத்தில் அவள் தங்கையின் கல்யாணம். ஷூ கம்பெனியில் தையல் செக்ஷனில் வேலை செய்யும் கஸ்தூரிக்கு அன்று அரைநாள்தான் லீவு கிடைத்திருக்கிறது. தாலி கட்டி முடிந்த பிறகு, கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்க, ஓட்டமும் நடையுமாக மேடையேறித் தங்கையைக் கட்டிக்கொண்டாள். அண்ணன் கேமராவை மணமக்களிடமிருந்து திருப்பி அவளையே பிடித்திருந்தார். மணமகன் வீட்டார் அதற்காக அவரிடம் சண்டை போட்டார்கள்.

பத்து நாள் கழித்து அவர் கஸ்தூரியின் வீட்டுக்குப் போய், அவளை வைத்து ஒரு படம் எடுக்க அனுமதி கேட்டார்.

"என்ன எடுத்து இன்னா பண்ணப் போறீங்கண்ணா?" என்று அவள் சிரித்தாள்.

"தெரிலமா. நீ டெய்லி செய்றதுதான். உனக்கு எப்ப வேணாம்னு தோணுதோ அப்ப நிறுத்திடுறேன்."

கம்பெனிக்குள் கேமராவுக்கு அனுமதியில்லை. ஆகவே படம் முழுவதும் கேட்டுக்கு வெளியேதான். இருட்டு பிரியாத நேரத்தில் அடுப்பு, குழந்தைகளுக்கு டிபன் டப்பா, கம்பெனி பஸ்ஸில் நின்றபடியே தூங்கும் பெண்கள், கேட் மூடுவது, சாயங்காலம் கேட் திறப்பது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேறு. இப்படி ஒரு வருடத்துக்கும் மேலாகக் கல்யாணங்களுக்கு நடுவே எடுத்தார்.

முதல் வடிவத்தைத் தொகுத்ததும், ஆவணப்படக் கலைஞர்களுக்காகப் பெங்களூரில் நடக்கும் ஒரு பயிற்சிப் பட்டறைக்கு அனுப்பினோம். பாதி முடிந்த படங்களைச் செம்மைப்படுத்தவும், அவற்றை எப்படி விற்பது என்று சொல்லிக்கொடுக்கவும் நடத்துவது. வருடத்தில் மூன்று அமர்வுகள். தேர்வானதும் அண்ணன் எனக்குப் போன் செய்து, "ஏமாத்துறாங்களான்னு விசாரி" என்றார். சேரும்போது ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். பட்டறை இறுதி வடிவத்தை ஏற்றுக்கொள்ளும்வரை படத்தை வேறெங்கும் திரையிடக் கூடாது. இருவரும் படித்தோம். அப்போது அது நியாயமாகவே பட்டது.

முதல் அமர்வு ஒரு ஓட்டலின் கூட்ட அறையில் நடந்தது. ஜன்னலே இல்லாத அறை. ஒவ்வொரு காட்சியையும் ஓர் அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டி, இடம் மாற்றி மாற்றிப் பார்ப்போம். நடத்தியவர் மீரா மேடம். தமிழ் தெரிந்தவர், பொறுமையானவர். அவர் மேல் அண்ணனுக்குக் கடைசிவரை மரியாதை இருந்தது. ரயிலில் திரும்பும்போது, "இருவது வருஷமா படம் புடிக்கிறேன். ஒரு ஷாட்ட எங்க நிறுத்தணும்னு இப்பதான் தெரியுது" என்று பூரித்துப்போனார்.

இரண்டாவது அமர்வு, படத்தைப் பற்றிப் பேசுவதற்கான பயிற்சி. வாங்க வருபவர்களுக்கு முன் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட வேண்டும். மேடம் நான்கு கேள்விகள் கொடுத்தார். இது யாருடைய கதை? அவளுக்கு என்ன வேண்டும்? எது தடுக்கிறது? கடைசியில் கிடைத்ததா? அண்ணன் ஊருக்கு வந்து, உனக்கு என்னம்மா வேணும் என்று கஸ்தூரியிடமே கேட்டார். அவள் யோசித்துவிட்டு, "ஒரு நாள் ஜாஸ்தி தூங்கணும்ணா" என்றாள். அதை அப்படியே அமர்வில் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். நான்காவது கேள்விக்குத்தான் அவரிடம் பதில் இல்லை.

மூன்றாவது அமர்வுக்கு வெளிநாட்டுத் தொலைக்காட்சிகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அண்ணன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் மேடையேறித் தமிழில் பேசினார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். முன்வரிசையில் இருந்த ஒருவருக்குப் படம் மிகவும் பிடித்துவிட்டது. ஆனால் முடிவு வேண்டும் என்றார். இவள் ஒன்று எதிர்த்து நிற்க வேண்டும், அல்லது வேலையை விட்டு வெளியேற வேண்டும். மறுபடி அதே பஸ்ஸில்தான் ஏறுகிறாள் என்றால் என் பார்வையாளர் எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்று கேட்டார்.

அன்று மதியம் மீரா மேடம் அண்ணனைத் தனியாக அழைத்தார். "தாஸ், இதுல எல்லாம் இருக்கு. ஒரு மாற்றம்தான் இல்ல. கொஞ்ச மாசம் எடுத்துக்கோங்க. கேமராவ நிறுத்தாதீங்க. வாழ்க்கையில ஏதாவது நடக்கும்."

அதற்குப் பிறகு வந்த மாதங்களை நினைத்தால் எனக்கு இப்போதும் மூச்சு முட்டுகிறது. ஒவ்வொரு ஞாயிறும் அண்ணன் கேமராவுடன் கஸ்தூரி வீட்டுக்குப் போனார். ஒன்றும் நடக்கவில்லை. அவள் துணி துவைத்தாள், பிள்ளைக்குப் பேன் பார்த்தாள், தூங்கினாள். மேடத்திடமிருந்து மின்னஞ்சல் வரும்: ஏதாவது புதிதாக உண்டா? நாங்கள் வடிவத்தை மாற்றி அனுப்புவோம். இன்னும் முடிவு வரவில்லை என்று பதில் வரும். அவர்கள் ஏற்காததால் வேறெங்கும் காட்டவும் முடியாது. கஸ்தூரியோடு வேலை செய்யும் பெண்கள் கடைத்தெருவில் அவரை நிறுத்தி, "இன்னாண்ணா, எங்களப் புடிச்சிட்டுப் போய் எங்கியோ வித்துட்டீங்களாமே" என்று கேட்டார்கள். அவர்கள் விளையாட்டாகத்தான் கேட்டார்கள். அண்ணன் அதற்குப் பிறகு கடைத்தெரு வழியாக வருவதையே தவிர்த்தார். கல்யாண வேலைகளையும் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து அதே காட்சிகளைப் பார்ப்பார். "ஓட்டு" என்பார். ஓட்டுவேன். "மறுபடி ஓட்டு" என்பார்.

ஒருநாள் கஸ்தூரிக்குக் கடுமையான காய்ச்சல் என்று செய்தி வந்தது. அண்ணன் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பியவர், பாதி வழியில் திரும்பி என் வீட்டுக்கு வந்துவிட்டார். முகமே சரியில்லை.

"காய்ச்சல்னதும் நா மொதல்ல இன்னா பண்ணேன் தெரியுமா நிர்மலா? பேட்டரி சார்ஜ் இருக்கான்னு பாத்தேன்."

நான் அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"ஒருத்தர் வூட்ல ஏதாவது நடக்காதான்னு கேமராவ வெச்சிக்கினு உக்காந்திருக்கேன். நல்லது நடக்காது, அது எனக்கே தெரியும். அப்ப எதுக்குக் காத்துக்கினு இருக்கேன்?"

கேமராவை என் மேசையில் வைத்துவிட்டுப் பழம் வாங்கிக்கொண்டு கஸ்தூரியைப் பார்க்கப் போனார்.

அவள் தேறி வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் உடன் போயிருந்தேன். படம் ஏன் வெளிவரவில்லை என்று கஸ்தூரி நேரடியாகவே கேட்டாள். அண்ணன் மறைக்கவில்லை. நீ வேலையை விட்டால்தான் முடிவு என்கிறார்கள் என்று சொல்லிவிட்டார்.

கஸ்தூரி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள். "அவ்ளோதானாண்ணா? நான் வுட்டுர்றேன். நீங்க எடுத்துக்கங்க."

"விளையாடாத."

"வெளையாட்டு இல்ல. எனக்கும் எப்படா வுடுவோம்னுதான் இருக்கு. யாராவது கேட்டா படத்துக்காகன்னு சொல்லிக்கிறேன்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா?"

"படம் முடிஞ்ச அடுத்த நாளு?"

கஸ்தூரி முறத்தை மறுபடி கையில் எடுத்தாள். அவள் கணவருக்கு நிலையான வேலை கிடையாது. இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தில். அவள் முகத்தில் சில நொடிகள் இருந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். அது போனதையும் பார்த்தேன். அண்ணன் கேமராவைத் தொடவே இல்லை. வேறு யாராக இருந்தாலும் அந்த முகத்தை எடுத்திருப்பார்கள். படத்துக்கு அதுவே போதுமாகவும் இருந்திருக்கும்.

"நீ உனக்காக விடும்போது விடும்மா. எனக்காக விடாத. அந்தப் பாரத்த என்னால தூக்க முடியாது" என்றார்.

மறுநாள் என் அறையிலிருந்தே மீரா மேடத்துக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் போடச் சொன்னார். "மேடம், முடிவு அதேதான். திங்கக்கெழம அவ பஸ் ஏறுவா. உங்களுக்கு வேணும்னா எடுத்துக்கங்க, இல்லன்னா எங்கள விட்டுருங்க."

 மேடம், "நான் உங்க இடத்துல இருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு தெரியல தாஸ்" என்றார். அந்த வாரமே படம் பட்டறையிலிருந்து நீக்கப்பட்டதாகவும், இனி ஒப்பந்தம் எங்களைக் கட்டுப்படுத்தாது என்றும் கடிதம் வந்தது. நான் அழுகிற நிலையில் இருந்தேன். அண்ணனோ, வாத்தியார் சீக்கிரம் அனுப்பிவிட்ட பிள்ளையைப்போல, "விட்டுட்டாங்கம்மா! விட்டுட்டாங்க!" என்றார்.

ஆம்பூரில் தேவாலயத்தை ஒட்டிய ஒரு சிறிய கூடத்தில் ஒரு ஞாயிறு மதியம் திரையிட்டோம். கஸ்தூரியின் செக்ஷனிலிருந்து பெண்கள் பிள்ளைகளோடு வந்தார்கள். பஸ்ஸில் தூங்குகிற காட்சியில் ஒருவரையொருவர் அடையாளம் கண்டு சத்தம் போட்டுச் சிரித்தார்கள். கேட் மூடும் காட்சி நீளமானது. அப்போது சிரிப்பு நின்றுவிட்டது. முடிந்ததும் ஒரு பெண், "இதுல இன்னா இருக்கு? நம்ம பொழப்புதான?" என்றார். பக்கத்தில் இருந்தவர், "அதான்" என்றார். கஸ்தூரி மட்டும் அண்ணனிடம் வந்து, "நான் இவ்ளோ வேகமாவா நடக்குறேன்?" என்று கேட்டாள். 

படத்தை எவரும் வாங்கவில்லை. இன்னும் சில கூடங்களில் காட்டினோம். அண்ணன் மறுபடி கல்யாணங்களுக்குப் போனார். அடுத்த படம் பற்றிக் கேட்டால், "இன்னும் இதுலேர்ந்தே நான் முழுசா வெளிய வரல" என்பார். வரவும் இல்லை.

அவரை அடக்கம் செய்தது திங்கட்கிழமை. கஸ்தூரியால் வர முடியவில்லை. அடுத்த ஞாயிறு கல்லறைக்குப் போய்விட்டு, நேராக என் வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணன் அந்தப் படத்துல எங்கியாவது தெரிவாராக்கா?"

அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. படத்தில் அவர் எங்கும் இல்லை. வெட்டிப்போட்ட காட்சிகளைத் திறந்து இருவரும் தேடினோம். எல்லாவற்றிலும் குரல்தான். சாப்ட்டியாமா, இந்தப் பக்கம் பாக்காதம்மா, புள்ளைக்கு இன்னா ஆச்சு. சாயங்காலம் ஆகும் நேரத்தில் ஒன்று கிடைத்தது. கஸ்தூரியின் வீட்டு வாசலில் கேமராவை முக்காலியில் வைத்துவிட்டு, அது ஓடிக்கொண்டிருப்பதை மறந்து அண்ணனே முன்னால் வந்துவிட்டார். குறுக்கே வந்த ஆட்டைத் துரத்தினார். கஸ்தூரியின் மாமியார் கொடுத்த டீயை வாங்கிக்கொண்டு, படியில் காலை நீட்டி உட்கார்ந்தார். யாரையும் படம் பிடிக்காமல், எதற்கும் காத்திருக்காமல், ஊதி ஊதிக் குடித்தார். பிறகு திரும்பிப் பார்த்து, "அடடா, ஓடுதே!" என்று எழுந்து வந்தார். அவர் கை பெரிதாகிக்கொண்டே வந்து லென்ஸை மூடியது.

கஸ்தூரி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கொஞ்ச நேரம் உக்காரட்டும்கா. மறுபடி போடுங்க" என்றாள்.

போட்டேன். உட்காருங்கள் அண்ணா.