படப்பலகை

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்று பத்துக்குச் செய்தி வந்தது. தொலைபேசியில் சொன்னவர் நிக்கித்தாஸ். அதற்கு முந்தைய நாள்வரை, மூன்று வருடமாக எங்கள் குடும்பத்தில் யாரோடும் பேசாமல் இருந்தவர்.

"உன் அண்ணன் போயிட்டாம்மா. கடை வாசல்லயே."

என் அண்ணன் அர்ஜிரிஸ், கிரேக்கத் தீவான சிஃப்னோஸின் துறைமுகத்தில் இருபத்தாறு வருடம் தவெர்னா என்னும் சாப்பாட்டுக்கடை நடத்தினார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சாப்பிடுவதும் நின்றபடிதான், ஒரு கண் அடுப்பில், ஒரு கண் வாசலில்.

எங்கள் தீவுக்காரர்கள் தவெர்னாவுக்குப் போனால் நேரே சமையலறைக்குள் நுழைவார்கள். சட்டிகளின் மூடியைத் தூக்கி மோந்து பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்கள். வலை காயப்போட்டுவிட்டு மதியம் வரும் நிக்கித்தாஸ் கரண்டியால் ருசியும் பார்ப்பார். "உப்பு பத்தல," என்பார். "உன் நாக்குல கடல் இருக்கு, எப்பிடிப் பத்தும்?" என்பார் அண்ணன். இருவரும் சிறுவயதிலிருந்து கூட்டாளிகள்.

பிறகு சுற்றுலாக் கூட்டம் பெருகியது. அண்ணன் வாசலில் ஒரு பெரிய பலகை மாட்டினார். அதில் பதினெட்டு பதார்த்தங்களின் வண்ணப் படங்கள். மூன்று வருடத்துக்கு முன் ஆகஸ்டில் ஒருநாள், கடை நிரம்பி வழிந்த நேரத்தில், சமையலறைக் கதவருகே நிக்கித்தாஸை மறித்தார்.

"உள்ள காலடி வைக்க இடமில்ல. படத்தப் பார்த்துச் சொல்லுப்பா."

"படத்த மோந்து பாக்கவா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணன் முகம் சிவந்து கதவிலேயே நின்றார். நிக்கித்தாஸ் மேசையில் வைத்திருந்த தன் ரொட்டியை எடுத்துக்கொண்டு, எதிரே கலியோப்பியின் தவெர்னாவுக்குப் போய்விட்டார். ஊர்க்காரர்களும் ஒவ்வொருவராக அங்கே போனார்கள்.

அதற்குப் பிறகு அண்ணனுக்கு நிலைகொள்ளவில்லை. மதியமானால் ஏதாவது சாக்கில் தெருவைக் கடப்பார். கலியோப்பி விடமாட்டாள்.

"என்ன அர்ஜிரி, தினம் எட்டிப் பாக்குற?"

"காத்து எப்பிடின்னு பாத்தேன்."

"காத்து நிக்கித்தாஸோட தட்டுலயா அடிக்குது?"

கப்பலில் வந்து இறங்குபவர்கள், "இந்த ஊர்க்காரங்க எங்க சாப்பிடுவாங்க?" என்று அவரிடமே கேட்பார்கள். அவர் எதிர்க்கடையைக் கைகாட்டுவார். ஊருக்குப் போயிருந்தபோது, ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று நான் கோபித்துக்கொண்டேன். "பொய் சொல்லச் சொல்றியா?" என்றார். பலகையைக் கழற்றிவிடுங்கள் என்றால், "அவனுக்காகக் கழட்டினேன்னு ஊரே சிரிக்கும்," என்பார். சொல்லிவிட்டுத் தெருப்பக்கம் நடப்பார். திரும்பி வந்து, "இன்னிக்கு அவன் பாதித் தட்ட மிச்சம் வச்சிட்டான்," என்பார்.

சனிக்கிழமை சாயங்காலம் அவரே என்னை அழைத்தார். மூச்சு வாங்கியது.

"தங்கச்சி, நிக்கித்தாஸ் வாசல்ல வந்து நின்னான்."

"என்ன சொன்னார்?"

"கொண்டைக்கடலைச் சட்டி அடுப்புக்குப் போயிருச்சான்னு கேட்டான். போயிருச்சு, நாளைக்கு வந்து நீயே மூடியத் தெறன்னேன். அந்தப் படமெல்லாம் போகட்டும், வரேன்னான்."

"அப்ப கழட்டுங்க."

"காலையில முதல் வேலை அதான். கோயில் விட்டதும் வந்துருவான்."

எங்கள் தீவில் சனிக்கிழமை மாலை மண்சட்டியில் கொண்டைக்கடலையை நிரப்பி விறகு அடுப்புக்கு அனுப்புவோம். அது இரவெல்லாம் வெந்து, ஞாயிறு பூசை முடிந்ததும் மேசைக்கு வரும். அன்றும் வந்தது. ரொட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு நிக்கித்தாஸ் வந்தபோது, அண்ணன் பலகைக்கு அடியில், ஏறி நின்ற நாற்காலிக்குப் பக்கத்தில், திருப்புளி கையிலிருக்க, கிடந்தார். மாரடைப்பு என்றார் மருத்துவர்.

நான் மறுநாள் கப்பலில் போய்ச் சேர்ந்தேன். அடக்கம் முடிந்து நான்கு நாள் ஆகிறது. பலகையில் நான்கு திருகாணிகள். மேலே இரண்டைக் கழற்றியிருக்கிறார். கீழே இரண்டும் அப்படியே இருக்கின்றன.