நரம்பு என்றாள், தசை என்றேன்

நான் பிறந்தபோது தலைக்குப் பதிலாகக் கால்தான் முதலில் வெளியே வந்ததாம். எங்கள் பக்கத்தில் அப்படிப் பிறந்தவர்களின் காலுக்குத் தனி மதிப்பு உண்டு. முதுகு பிடித்துக்கொண்டவர்களும் இடுப்பில் சுளுக்கு விழுந்தவர்களும் வந்து குப்புறப் படுத்துக்கொள்வார்கள். வலிக்கிற இடத்தைக் காலால் பிறந்தவன் மூன்று தரம் மெதுவாக மிதித்துவிட்டால் பிடிப்பு விட்டுவிடும் என்று நம்பிக்கை. ஆறு வயதிலேயே எனக்கு இந்தத் தொழில் வந்து சேர்ந்துவிட்டது. மூட்டை தூக்குகிறவர்களின் முதுகில் ஏறி மிதித்துவிட்டு முறுக்கு வாங்கித் தின்றிருக்கிறேன்.

கல்லூரியில் விலங்கியல் படித்ததும் காலை மடக்கிக்கொண்டேன். ஆசிரியர் வேலைக்கு வந்த பிறகும் யாராவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நிற்பார்கள். தசைப்பிடிப்பு எதனால் வருகிறது, உப்பும் நீரும் குறைந்தால் என்ன ஆகும் என்றெல்லாம் அவர்களுக்குப் பாடம் நடத்துவேன். "சரிங்க சார்" என்று தலையாட்டிவிட்டு, வந்தது போலவே இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போவார்கள். அதில் எனக்கு ஒரு பெருமை வேறு.

பதினொன்றாம் வகுப்பில் தசைகளைப் பற்றிய பாடம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. தசைக்கு இழுக்க மட்டும்தான் தெரியும், தள்ளத் தெரியாது என்றுதான் தொடங்குவேன். முழங்கையை மடக்க முன்புறம் ஒரு தசை இழுக்கிறது, நீட்டப் பின்புறம் இன்னொன்று இழுக்கிறது, ஒன்று சுருங்கும்போது மற்றது விட்டுக்கொடுக்க வேண்டும். மாணவர்களைத் தங்கள் கையையே தொட்டுப் பார்க்கச் சொல்வேன். அதன் பிறகு கோழிக்கால் வெளியே வரும்.

பாடத்துக்கு முதல் நாள் என் மனைவி கறிக்கடையில் சொல்லி வைத்து, கோழியின் கால்கள் நாலைந்தை வாங்கிக் கழுவி டப்பாவில் போட்டுத் தருவாள். வெட்டுப்பட்ட இடத்தில் வெள்ளை வெளேரென்று கயிறு போல ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிடித்து இழுத்தால் செத்த கோழியின் விரல்கள் மடங்கும். வகுப்பே சிரிக்கும். "சார், நரம்ப இழுத்தா விரல் மடங்குது" என்று எவனாவது கத்துவான். அதற்குத்தான் நான் காத்திருப்பேன். நரம்பு அல்ல, தசைநாண். தசையை எலும்போடு கட்டும் கயிறு. நரம்பு சேதி கொண்டுபோகும், இழுக்காது. கரும்பலகையில் எழுதி அடியில் இரண்டு கோடு போடுவேன். கடைசியாகப் பிளேடால் அந்த நாணை அறுத்துவிட்டு, மேலே மிச்சமிருக்கும் நுனியை இழுத்துக் காட்டுவேன். விரல் அசையாது. தசை எவ்வளவு பலமாக இருந்தாலும் கயிறு அறுந்தால் வேலை நடக்காது என்று முடிப்பேன். வருடா வருடம் இதே வார்த்தைகள்தான்.

எங்கள் வீடு ஓடைப்பட்டியில். விதையில்லாத திராட்சை போட்ட தோட்டம் என் மனைவி வழியில் வந்தது, அவள்தான் அதற்கு எல்லாம். எனக்குத் தோட்டத்தில் இருந்த உரிமை, ஞாயிற்றுக்கிழமை போய்ப் பழம் தின்பது மட்டும். திராட்சை வேலை முழுக்கத் தலைக்கு மேலே நடப்பது. கல்தூண் நட்டு, கம்பி இழுத்துப் போட்ட பந்தலில் கொடி படர்ந்திருக்கும். கவாத்து வெட்டுவதும், கிளையைக் கட்டுவதும், இலை உரிப்பதும், கொத்து ஒவ்வொன்றையும் டம்ளரில் இருக்கும் மருந்தில் முக்கி எடுப்பதும் அண்ணாந்துகொண்டுதான். காலையிலிருந்து மத்தியானம் வரை கையை இறக்க மாட்டாள்.

அந்தக் கை எப்படி உயர்கிறது என்பது எனக்கு மனப்பாடம். தோள் மூட்டு ஆழமில்லாத கிண்ணத்தில் வைத்த பந்து. நாலு சின்னத் தசைகள் சுற்றிலும் நின்று அந்தப் பந்தை நழுவாமல் பிடித்துக்கொள்கின்றன. அவற்றில் மேலே உள்ளதன் நாண் ஒரு எலும்புக் கூரைக்கு அடியில் நுழைந்து போகிறது. கையைத் தூக்கும்போதெல்லாம் அது அந்தக் கூரையில் உரசும். வருடக்கணக்காக உரசினால் நைந்து போகும். படம் வரைந்து பாகம் குறிக்கச் சொன்னால் இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். வீட்டில் ஒருத்தி இருபது வருடமாகக் கையைத் தூக்கிக்கொண்டே இருக்கிறாளே என்று மட்டும் ஒரு நாளும் நினைத்ததில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன், பழம் முற்றி நின்ற நேரம். பந்தலுக்குக் கொடுத்திருந்த முட்டுக் கம்பு ஒன்று சரிந்து, ஒரு பக்கம் கம்பி அப்படியே தொய்ந்து இறங்கியிருக்கிறது. கொத்தெல்லாம் மண்ணில் படாமல் இருக்க, அவள் வலது கையால் கம்பியைத் தாங்கிக்கொண்டு நின்றிருக்கிறாள். கூட வேலை பார்த்த பெண்கள் வேறு கம்பு எடுத்து வந்து முட்டுக் கொடுக்கும் வரை விடவில்லை. சாயங்காலம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க, தோள்பட்டையில நரம்பு ஒண்ணு டப்புன்னு அத்துப்போச்சு. சத்தமே கேட்டுச்சு" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "நீயும் என் கிளாஸ்ல வந்து உக்காரணும் போல. எங்க, விரல ஆட்டு."

ஆட்டினாள்.

"மரத்துப் போச்சா?"

"இல்ல."

"அப்ப நரம்பு எங்கன அறுந்துச்சு? நரம்பு அறுந்தா கை செத்துப் போகும். இது தசை. பாரம் தாங்காமக் கொஞ்சம் நைஞ்சு போயிருக்கும். தசைக்கு நல்ல ரத்த ஓட்டம், பத்து நாள்ல தானா ஆறிடும்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, "அப்ப ஒருவாட்டி மிதிச்சு விடுங்களேன்" என்றாள்.

கல்யாணமாகி அத்தனை வருடத்தில் அவள் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. பக்கத்து வீட்டில் யாருக்கோ மிதிக்கமாட்டேன் என்று நான் சண்டை போட்டதெல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "விலங்கியல் வாத்தியார் பொண்டாட்டிய மிதிச்சான்னு ஊரெல்லாம் பேசட்டும்ங்கிறியா?" என்றேன். சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றப் போய்விட்டேன். மருந்துக் கடையில் ஒரு தைலமும் வலி மாத்திரையும் வாங்கி வந்து கொடுத்தேன். தைலத்தை அவளே இடது கையால் எட்டின மட்டும் தடவிக்கொண்டாள்.

வைத்தியத்துக்கு அவள் வேறு யாரிடமாவது போயிருக்கலாம். வீட்டுக்கு வந்த அவளுடைய உறவுக்காரப் பெண் அதையேதான் கேட்டாள். "மிதிக்கவும் ஆளு, படிச்சவுகளும் அவுகதான். ரெண்டையும் வீட்டுலயே வச்சுக்கிட்டு வேற எங்கன போறது?" என்று என் மனைவி சொன்னது உள்ளறையில் இருந்த என் காதில் விழுந்தது. அதைக் கேட்டு உச்சி குளிர்ந்து போனேன்.

ஒரு மாதத்தில் வலி குறைந்தது, இரண்டு மாதத்தில் அநேகமாக நின்றே போனது. "நான் சொன்னேன்ல?" என்றேன். அவள் கொத்து முக்குகிற வேலையை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். அலமாரியின் மேல்தட்டில் டப்பாவை வைக்க வேண்டுமென்றால், இடது கையால் வலது முழங்கையைப் பிடித்து மேலே தூக்கிவிடுவாள். எவ்வளவு சாமர்த்தியம் என்று நினைத்தேன். கொண்டை போடும்போது கை மேலே போவதற்குப் பதில் தலை கீழே வந்தது. கழுத்தை வளைத்து, கை எட்டுகிற உயரத்துக்குத் தலையைக் கொண்டுவந்து முடிந்துகொள்வாள். "என்ன, பொண்ணு பாக்க வந்திருக்காகளா, இப்படிக் குனியிற?" என்று கேலி செய்திருக்கிறேன். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

போன வருடம் அதே பாடம் வந்தது. வழக்கம்போல அவள் கழுவிக் கொடுத்த கோழிக்கால். இழுத்தேன், விரல் மடங்கியது, சிரித்தார்கள். நாணை அறுத்தேன். இழுத்தேன், மடங்கவில்லை. புத்தகத்தை மூடப் போகும்போது முன்வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள்.

"சார், அறுந்த பிறகு நம்ம கையால பிடிச்சு மடக்கினா மடங்குமா?"

"மடங்கும். மூட்டு நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லி, இடது கையால் அந்த விரலைப் பிடித்து மடக்கிக் காட்டினேன். மடங்கியது. கையை எடுத்தேன், விரல் தொய்ந்து விழுந்தது.

அலமாரிக்கு முன்னால் அவள் இடது கை வலது கையைத் தூக்குவது அப்போதுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது. கிட்டத்தட்ட ஒரு வருடமாகத் தினமும் பார்த்தது. அந்த வகுப்பை எப்படி முடித்தேன் என்று நினைவில்லை. மேசையிலேயே கோழிக்காலை வைத்துவிட்டு வந்துவிட்டேன், பிறகு யாரோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

தேனியில் எலும்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். ஸ்கேன் எடுக்கச் சொன்னார். படத்தை விளக்கு வெளிச்சத்தில் வைத்து, அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் பேசினார். நாண் முழுசாக அறுந்திருக்கிறது, அறுந்த நுனி உள்ளே வெகுதூரம் இழுத்துக்கொண்டு போய்விட்டது, வேலையில்லாமல் கிடந்த தசை சுருங்கிப் பாதிக்கு மேல் கொழுப்பாகிவிட்டது என்றார். "அடிபட்ட சில மாசத்துக்குள்ள வந்திருந்தா இழுத்துத் தைச்சிருக்கலாம் சார். இப்ப தைச்சாலும் பிடிக்காது. மிச்சமிருக்கிற தசைக்குப் பயிற்சி கொடுப்போம், இடுப்பு உயர வேலைக்குக் கை உதவும். தலைக்கு மேல தூக்குற வேலையெல்லாம் இனி முடியாது." நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டார். ஆசிரியர் என்று மட்டும் சொன்னேன். என்ன பாடம் என்று கேட்டுவிடுவாரோ என்று பயந்து எழுந்துவிட்டேன்.

பஸ் வீரபாண்டியைத் தாண்டியது. "டாக்டர் என்ன சொன்னாக?" என்றாள்.

"தசைநாண் அறுந்திருக்காம்."

"அப்படின்னா?"

"சதைய எலும்போட கட்டுற கயிறு."

அவள் ஜன்னலுக்கு வெளியே வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அதத்தானங்க நான் நரம்புன்னேன்" என்றாள். குரலில் கோபமே இல்லை. எனக்குப் புரியாமல் போன ஒன்றைப் பொறுமையாக எடுத்துச் சொல்வது போலத்தான் இருந்தது.

இந்தப் பள்ளத்தாக்கில் கம்பம் முதல் தேனி வரை எந்தத் தோட்டத்தில் கேட்டாலும் உடம்புக்குள் இழுக்கிற எல்லாவற்றுக்கும் நரம்பு என்றுதான் பெயர். அது எனக்குத் தெரியாதா? மாணவன் நரம்பு என்று சொன்னபோதெல்லாம் அவன் எதைச் சொல்கிறான் என்று புரிந்துதானே திருத்தினேன். அவள் அன்றைக்கு இடம் சொன்னாள், சத்தம் கேட்டதென்றாள், அறுந்துவிட்டது என்றே சொன்னாள். ஸ்கேன் சொன்னது முழுவதையும் அன்று சாயங்காலமே சொல்லிவிட்டாள். நான் சொல்லைத் திருத்தினேன், அவளைக் கேட்கவில்லை. பரீட்சைத் தாளாக இருந்தால் பிழைக்கு அரை மதிப்பெண் குறைத்துவிட்டுப் போயிருக்கலாம். போனது அவள் கை.

தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டோம். பேசி முடித்த மறுநாள் காலை நான் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். அவள் வந்து என் காலடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"இப்பவாச்சும் மிதிச்சு விடுங்க."

"இனிமே எதுக்கு?" என்றேன்.

"சும்மாதான்."

எழுந்து போய்க் காலைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தேன். முப்பது வருடமாக யாரையும் மிதிக்காத கால். அவள் வலது தோளின் பின்புறம் மெதுவாக வைத்தேன். மற்ற தோள் நிறைந்திருக்கிற இடத்தில் இங்கே குழிந்து கிடந்தது. கட்டைவிரல் அந்தப் பள்ளத்துக்குள் அடங்கியது. மூன்று தரம் அழுத்திவிட்டு, எடுக்க மனமில்லாமல் காலை அங்கேயே வைத்திருந்தேன்.

"மிதிச்சா ஆறாதுன்னு எனக்கும் தெரியும்ங்க" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல். "ஆனா அன்னைக்கே அங்கன விரல் போற மாதிரி பள்ளமாத்தான் கெடந்துச்சு. தொட்டிருந்தா, உங்களுக்குத் தெரியாட்டியும் உங்க காலுக்காவது தெரிஞ்சிருக்கும்."