கட்டிலைக் காத்தவன்

எங்கள் வீட்டில் அப்போது இரண்டு நாய்கள், ஒரு பூனை, நாங்கள் இருவர். எண்ணிக்கைப்படி நாங்கள்தான் சிறுபான்மை. என் மனைவி நன்றாக நடமாடிக்கொண்டிருந்த வரைக்கும் இது ஒரு குறையாகத் தோன்றவில்லை. மூன்றையும் அவள் பார்வையாலேயே மேய்த்துவிடுவாள். பங்குனியில் அவள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து படுத்த படுக்கையாக வீடு வந்தபோதுதான் எங்கள் வீட்டில் இத்தனை நாள் யார் ஆட்சி நடந்தது என்று எனக்குப் புரிந்தது.

நாய்களில் பெரியவன் செவலை நிற நாட்டு நாய். பதினோரு வயது. ஸ்டேஷன் ரோட்டில் கரும்புச் சாறு வண்டிக்கு அடியில் கண் திறக்காமல் கிடந்தவனை இவள்தான் எடுத்து வந்து பஞ்சில் பால் நனைத்து ஊட்டி வளர்த்தாள். அவள் பள்ளிப்பட்டுப் பக்கத்துப் பெண், பேச்சில் தெலுங்கு கலக்கும். அதனால் அவன் அவளுக்கு நைனா, பிள்ளையைச் செல்லமாகக் கூப்பிடுகிற சொல். ஒரு பெயர் வைக்கலாமே என்று கேட்டதற்கு, "நைனான்னு கூப்ட்டா திரும்பிப் பாக்கிறான். அப்புறம் பேரு எதுக்கு?" என்றாள்.

இரண்டாவது, என் மகன் விட்டுப்போன மஞ்சள் லேப்ரடார். பெண் நாய், இரண்டு வயது. சென்னையில் அவன் புதிதாகக் குடிபோன வீட்டின் சொந்தக்காரர் நாய் கூடாது என்றுவிட்டார். அதற்கு யாரைப் பார்த்தாலும் ஒட்டிக்கொள்ள வேண்டும், எதைப் பார்த்தாலும் முகர வேண்டும். அடுத்தவர் இடம் என்று ஒன்று உண்டு என்பதே அதற்குத் தெரியாது. பூனை பீரோ மேல் குடியிருந்தது. அது எந்தச் சட்டத்துக்கும் கட்டுப்பட்டதில்லை.

அவள் வீடு வந்த நாளிலிருந்து நைனா கட்டிலுக்கும் அறை வாசற்படிக்கும் நடுவில் குறுக்கே படுத்துக்கொண்டான். லேப்ரடாரின் நிழல் அறைக்குள் விழுந்தாலே அவன் மேலுதடு தூக்கிக்கொள்ளும். ஒருநாள் அது நிழலோடு நிற்காமல் உள்ளேயும் போய்விட்டது. காது கிழிந்து ரத்தம் சொட்டச் சொட்ட சமையலறைக்கு ஓடி வந்தது. அதற்குப் பிறகு என் முறை. காலையில் நான்கு மாத்திரை, இரவில் மூன்று. தம்ளரும் கையுமாக நான் கட்டிலை நெருங்கினால் அவன் உடம்பு விறைக்கும், தொண்டைக்குள் ஒரு உறுமல் ஓடும். என் வீட்டில், என் பெண்டாட்டி பக்கத்தில் போக, நான் ஒரு நாயிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

பக்கத்து வீட்டு பாய் மெக்கானிக் ஷெட் வைத்திருப்பவர். எங்களுக்கு ஒரு தேவை என்றால் முதலில் வருபவர். அவரிடம் சொன்னேன்.

"அது உங்கள மதிக்கல சார். அதுதான் தலைவருன்னு நெனச்சுகினு கீது. கழுத்தப் புடிச்சுத் தரையில ஒரு அமுக்கு அமுக்குங்க. யாரு பெரியவன்னு தெரிஞ்சிடும்."

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. அவரே ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார். இருவருமாக அமுக்கினோம். நைனா எதிர்க்கவில்லை. கண்ணை மட்டும் இவள் பக்கம் திருப்பி வைத்திருந்தான். "வாணாங்க, விடுங்க, அவனுக்கும் வயசாச்சு" என்று கட்டிலிலிருந்து இவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். உறுமும்போதெல்லாம் அப்படியே செய்தோம். ஐந்தாவது தடவைக்குப் பிறகு உறுமல் நின்றுவிட்டது. பாய்க்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தால் மொட்டை போடுகிறேன் என்று மலைக் கோயிலுக்கு வேண்டிக்கொண்டிருந்தேன். வெளியூர்க்காரர்கள் குடும்பம் குடும்பமாக வந்து மொட்டையோடு இறங்கிப் போகிற ஊர் இது. உள்ளூரில் இருக்கிற நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பதோடு சரி. என் தலையில் கத்தி பட்டது கைக்குழந்தையாக இருந்தபோது ஒருமுறைதான். சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை மேலே போய் முடி கொடுத்து, மீசையையும் எடுத்து, தலை முழுக்கச் சந்தனம் பூசிக்கொண்டு, தரிசனம் முடித்து இறங்கினேன். மனசு நிறைவாக இருந்தது. பிரசாதப் பையை மேசையில் வைத்துவிட்டு நேரே அவள் அறைக்குள் போனேன். தொட்டுப் பார்க்கட்டும் என்று தலையை அவள் முகத்துக்கு நேராகக் குனிந்தேன்.

நைனாவுக்கு நான் தெரியவில்லை. சந்தன வாசனையோடு ஒரு மொட்டை மண்டை அவள் மேல் கவிழ்கிறது, அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்தது. சத்தமே இல்லை. என் வலது முன்கை அவன் வாய்க்குள் இருந்தது.

"நைனா!" என்று இவள் அலறினாள். உடனே விட்டுவிட்டான். என் விரலை முகர்ந்தான், வாலைக் காலுக்கிடையில் சுருட்டிக்கொண்டான், கட்டிலுக்கு அடியில் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்தான். என் கையில் நான்கு பல் பதிந்திருந்தது.

பாய் என்னை வண்டியில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழியில், "மொட்ட போட்டா வூட்டம்மா அடையாளம் கண்டுக்க மாட்டாங்கன்னு கேள்விப்பட்டுக்கிறேன் சார். நாயுமா?" என்றார். வலியிலும் சிரித்துவிட்டேன். தடுப்பூசி நான்கு தவணை. முதல் தவணை போட்டுத் திரும்பியபோது மகனுக்குச் செய்தி போயிருந்தது. மறுநாள் காலை வந்துவிட்டான்.

"இன்னிக்கு உன் கை. நாளைக்கு அம்மா மூஞ்சியா இருந்தா? என் பையன் வந்தா?" என்றான். பள்ளிப்பட்டுக்குப் பக்கத்தில் அவன் சிநேகிதனுக்கு மாந்தோப்பு இருக்கிறது, காவலுக்கு நாய் வேண்டுமாம், வேன் சொல்லிவிட்டேன் என்றான்.

இவள் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். "அதே வேன்ல எனக்கும் ஒரு எடம் போட்டுடு நைனா. தோப்புல காத்து நல்லா வரும்" என்றாள். மகனும் அவளுக்கு நைனாதான். கட்டிலுக்கு அடியில் வால் ஒருமுறை தரையைத் தட்டியது. மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கடைசியில் ஆடிக் கிருத்திகை வரை தவணை கொடுத்தான். அப்போது குழந்தையோடு வருவேன், அதற்குள் நாய் சரியாகாவிட்டால் தோப்புதான், அம்மா அழுதாலும் சரி என்றான்.

அறுவை சிகிச்சை செய்த டாக்டர், இவள் இதயம் ரொம்ப நாள் தாங்காது என்று எனக்குத் தனியாகச் சொல்லியிருந்தார். அவள் கேட்பது நைனா கூட இருக்க வேண்டும் என்ற இந்த ஒன்றுதான், அதையும் எடுத்துவிட்டால் என்ன மிச்சம் என்ற கவலையில் எனக்குத் தூக்கம் போயிற்று.

கால்நடை மருத்துவமனையில் இருந்த டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உறுமல் நின்னுடுச்சுன்னு சந்தோஷப்பட்டீங்களா சார்?" என்று கேட்டார். "உறுமுறது நல்லது. கிட்ட வராதேன்னு சொல்லிட்டுச் செய்யுது. அதை அமுக்கி அமுக்கி நிறுத்தினீங்க. இப்ப சொல்லாமச் செய்யுது." அவன் தலைவனாக முயலவில்லை, பயப்படுகிறான் என்றார். ஆஸ்பத்திரிக்குப் போன அம்மா பல நாள் காணாமல் இருந்தாள். யார் நெருங்கினாலும் மறுபடி பறிபோய்விடுவாள் என்று அவன் கணக்கு.

அவர் சொன்னபடி செய்தோம். அதுவரை நான் இரண்டு தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஆளுக்கு இத்தனை இட்லி என்று சமமாகப் பிரித்துப் போடுவேன். அதுவே தப்பாம். இனி ஒன்றுக்கு சமையலறை, ஒன்றுக்கு அறை, நடுவில் கதவு. அறை வாசலில் பாய் ஒரு பழைய இரும்புக் கிராதியைப் பொருத்திக் கொடுத்தார். நாயை அமுக்கியதைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. கிராதிக்குக் கூலி வாங்க மறுத்துவிட்டார்.

முக்கியமான வேலை இவளுக்கு. தலையணைக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவில் டீக்கடைப் பொறை பிஸ்கட்டைச் சின்னச் சின்னத் துண்டாக உடைத்து வைத்தேன். வாசற்படியிலிருந்து கட்டில் வரை தரையில் ஒன்பது டைல்ஸ் கல். நான் முதல் கல்லில் வந்து நிற்க வேண்டும். நைனா விறைப்பதற்கு முன்பே இவள் ஒரு துண்டு கொடுக்க வேண்டும். நான் உடனே திரும்பிப் போய்விட வேண்டும். நான் வந்தால் அவளும் போகமாட்டாள், பொறையும் வரும் என்று அவனுக்குப் படியும் வரை இதேதான். அவன் நிம்மதியாக இருந்தால் அடுத்த கல்.

காலையில் பத்துத் தடவை, மாலையில் பத்துத் தடவை. வெறுங்கையோடு வருவேன், நிற்பேன், போவேன்.

"இன்னாங்க இது, திரும்பியும் வர்றீங்க? பாக்கறவங்க புதுசா கல்யாணம் ஆனவருன்னு நெனச்சுக்கப் போறாங்க."

"டாக்டர் பேசக்கூடாதுன்னு சொன்னாங்க."

"எனக்குச் சொல்லலியே. உங்களுக்குத்தான்."

நான் முப்பத்தெட்டு வருடம் அரக்கோணத்தில் ரயில்வே வேலை பார்த்தவன். விடிகாலையில் போய் இருட்டி வருவேன். வந்தால் சாப்பாடு, பேப்பர், தூக்கம். ஓய்வு பெற்ற பிறகும் கூடத்து நாற்காலியில்தான் இருப்பேன். என்ன வேண்டும் என்று அவள்தான் எழுந்து வருவாள். "இந்த ரூமுக்கு நீங்க மொத்தமா வந்ததவிட இந்த ஒரு மாசத்துல அதிகமா வந்துட்டீங்க" என்றாள் ஒருநாள். நான் ஐந்தாவது கல்லில் நின்றிருந்தேன். திரும்பிப் போய், மறுபடி வந்தேன்.

ஆனியில் ஒன்பதாவது கல்லுக்கு வந்தேன். நைனா எழுந்து வழிவிட்டான். நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். தலையில் முடி கொஞ்சம் வளர்ந்து குத்திட்டு நின்றது. அதைத் தடவி, "முள்ளம்பன்னி" என்றாள். பிறகு லேப்ரடாரைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வாசற்படியிலிருந்து தொடங்கினேன். மூன்றாவது கல்லைத் தாண்ட நைனா விடவில்லை. ஆடி பிறந்துவிட்டது.

கிருத்திகை அன்று காலை மகன் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூடத்தில் நின்றிருந்தான். தெருவில் காவடிகள் வந்துகொண்டே இருந்தன. ஒரு கூட்டம் எங்கள் வீட்டு வாசலில் நின்று பம்பை அடித்தது. சுவரெல்லாம் அதிர்ந்தது. லேப்ரடாருக்கு அந்தச் சத்தம் ஆகாது. கயிற்றை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, கிராதியை இடித்துத் தள்ளிக்கொண்டு, ஒன்பது கல்லையும் ஒரே பாய்ச்சலில் கடந்து கட்டிலுக்கு அடியில் புகுந்துவிட்டது. நைனா எழுந்து நின்றான். முதுகு மயிர் சிலிர்த்தது. உறுமினான். பல மாதம் கழித்து, பம்பைக்கு மேலாக, எல்லோருக்கும் கேட்கும்படி.

மகன் முன்னால் ஓடப் பார்த்தான். நான் கையை நீட்டித் தடுத்தேன். "அம்மா பாத்துக்குவா" என்றேன். எனக்கு நம்பிக்கை இருந்தது என்று சொல்லமாட்டேன்.

இவளுக்கு எழ முடியாது. டப்பாவைத் தடவி எடுத்து ஒரு துண்டை நைனா மூக்குக்கு நேரே நீட்டினாள். "குட்டி பயந்துகினு கீதுடா நைனா. உனக்கும் எனக்கும் நடுவுல வரல. கீழதான் கீது" என்று சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தாள். அவன் கட்டிலுக்கு அடியில் பார்த்தான், அவள் கையைப் பார்த்தான். உறுமல் சிறுத்துச் சிறுத்து நின்றது. பொறையை வாங்கிக்கொண்டான். இரண்டாவது, மூன்றாவது. ஏழாவது துண்டில் உட்கார்ந்தான். காவடி தெருமுனை திரும்பும்போது அவன் படுத்திருந்தான். கட்டிலுக்கு அடியிலிருந்து நீண்டிருந்த மஞ்சள் வால் அவன் காலில் பட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் ரயிலுக்குக் கிளம்பும்போது மகன் டீக்கடையில் ஒரு பெரிய பொட்டலம் பொறை வாங்கி வந்து மேசையில் வைத்துவிட்டுப் போனான். தோப்பு பற்றி அதற்குப் பிறகு பேச்சில்லை.

ஐப்பசி மழையில் ஒரு பிற்பகல் அவள் போய்விட்டாள். நான் ஒன்பதாவது கல்லில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். நைனா கட்டிலோடு ஒட்டி நின்றான், கொஞ்ச நேரத்துக்கு முன்னாலேயே எழுந்துவிட்டிருந்தான்.

சொந்தக்காரர்கள் வந்து போன நாட்களில் அவனை பாய் தன் ஷெட்டில் வைத்துக்கொண்டார். அங்கே அவன் யாரையும் கடிக்கவில்லை, எதையும் சாப்பிடவும் இல்லை. திரும்பி வந்ததும் கட்டிலை நான்கு பக்கமும் முகர்ந்துவிட்டு, பழைய இடத்தில் குறுக்கே படுத்துக்கொண்டான். லேப்ரடார் படியில் கால் வைத்தது. உதடு தூக்கி உறுமினான். காக்க அங்கே யாருமில்லை. கட்டிலைப் பிரித்துப் போட்டுவிட்டால் மறந்துவிடும் என்றார்கள். எனக்குக் கை வரவில்லை.

காலையில் பழக்கத்தில் நான் மறுபடி அந்த அறைக்குள் நடந்தேன். ஒவ்வொரு கல்லாக. நைனா என்னைப் பார்த்தான். பிறகு தலையைத் திருப்பித் தலையணைப் பக்கம் பார்த்தான். நான் வந்தால் அங்கிருந்து ஒரு துண்டு வரும், அதுதான் அவனுக்குத் தெரிந்த ஒழுங்கு. பார்த்துக்கொண்டே இருந்தான். நான் வெளியே போய்விட்டேன்.

இரண்டு நாள் அந்தப் பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள் டப்பாவை எடுத்துக்கொண்டு போய் அவள் படுத்த இடத்தில் நானே உட்கார்ந்தேன். அதுவரை நான் அந்தக் கட்டிலில் உட்கார்ந்ததில்லை. லேப்ரடார் வாசற்படியில் தயங்கி நின்றது. முதல் கல்லில் ஒரு கால் வைத்தது. நான் ஒரு துண்டு நீட்டினேன். நைனா தலையணையைப் பார்த்தான், என் கையைப் பார்த்தான், ரொம்ப நேரம் கழித்து வாங்கிக்கொண்டான்.

பூனை பீரோ மேலிருந்து இறங்கிக் கட்டிலின் கால்மாட்டில் சுருண்டுகொண்டது.

டாக்டரம்மா, ஒழுங்காகச் செய்தால் ஒரு மாதத்தில் முடிந்துவிடும் என்கிறார். இப்போது தை. லேப்ரடார் நான்காவது கல்லில் நிற்கிறது. இன்னும் ஐந்து. அதுவும் முடிந்துவிட்டால் இந்தக் கட்டிலில் வந்து உட்கார எனக்கு வேலையிருக்காது. காலையில் பத்துத் தடவை, மாலையில் பத்துத் தடவை. ஐந்தாவது கல்லுக்கு அது போன வாரமே தயார்தான். நான்தான் அழைக்கவில்லை.