திக்குவாயோடு கணக்கு இண்டர்வியூவுக்குப் போனேன்

எனக்குத் திக்குவாய். அதிலும் 'ப' வந்தால் போச்சு, உதடு ஒட்டிக்கொள்ளும். ஆனால் கணக்கில் நான் யாருக்கும் சளைத்தவள் இல்லை. எழுபத்து நான்காம் வருஷம் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, பட்டணத்தில் எம்.எஸ்ஸி. கணிதத்துக்கு மனுப் போட்டேன். இண்டர்வியூவில் வாய் திறந்து பதில் சொன்னால்தான் இடம் என்றார்கள். கிடைக்காவிட்டால் எங்கள் ஊர் பிள்ளைப்பாக்கத்து வீட்டோடு என் படிப்பு முடிந்தது. அப்பா அதைக் கறாராகச் சொல்லிவிட்டார்.

தேற்றங்கள் எல்லாம் தலைகீழ்ப் பாடம். கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்ப்பேன், பாதியில் நின்றுவிடும். அழுவேன்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம். ஜெபத்துக்குப் பதில் வரும் முன்பே, வந்துவிட்டது என்று எல்லார் முன்பும் வாய்விட்டு அறிக்கை செய்ய வேண்டும். வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டத்தை நடத்தும் எஸ்தர் அக்கா என் நாக்கில் ஜெப எண்ணெய் தடவினார்.

"இன்னாத்துக்குடி பயப்படுற? குணமாயிட்டேன்னு எயுந்து சொல்லு. கர்த்தர் பாத்துக்குவாரு."

எழுந்தேன். "கு... குணமாயிட்டேன்" என்றேன். திக்கியேதான் சொன்னேன்! எல்லாரும் அல்லேலூயா என்றார்கள்.

அன்றிலிருந்து அம்மா என்னைச் சொல்லிப் பார்க்கவே விடவில்லை. "குணமான நாக்க எதுக்குடி சோதிச்சிக்கினு கீற? அது அவிசுவாசம்" என்று கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டிவிட்டார். இண்டர்வியூ நாளில் அம்மாவுடன் பஸ் ஏறினேன்.

உள்ளே மூன்று பேராசிரியர்கள். நடுவில் இருந்தவர் கேட்டார்: "பகா எண்களுக்கு முடிவே இல்லைன்னு எப்படிம்மா நிரூபிப்பே?"

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எனக்குத் தெரியும். "ப..." என்றேன். மறுபடியும் "ப... ப..." ஓரத்தில் இருந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிடும்மா."

அதைக்கூடச் சொல்ல வரவில்லை. எனக்கு ஆண்டவர் மேலேயே கோபம் வந்தது. அத்தனை பேர் முன்னால் உம் பேரைச் சொல்லி அறிக்கை செய்தேனே, இப்படியா கைவிடுவீர்? கண்ணை மூடிக்கொண்டேன். "ஆண்டவரே, எனக்குத் திக்குது. குணமாகல. இப்படியே எனக்கு உதவி பண்ணும்." அத்தனை வாரங்களில் நான் உண்மையாகச் செய்த ஜெபம் அது ஒன்றுதான்.

கண்ணைத் திறந்தேன். அவர்களுக்குப் பின்னால் கரும்பலகை. நான் வந்ததிலிருந்து அங்கேதான் இருந்திருக்கிறது, பயத்தில் கண்ணில் படவில்லை. கையை நீட்டிக் காட்டினேன். நடுவில் இருந்தவர் திரும்பிப் பார்த்துவிட்டு ஒரு சாக்பீஸை நீட்டினார்.

"எழுதும்மா. அவசரமில்ல."

முடிவு உண்டு என்று வைத்துக்கொண்டு, எல்லாப் பகா எண்களையும் பெருக்கி, ஒன்றைக் கூட்டி, அதை அவற்றில் எதுவும் மீதியின்றி வகுக்காது என்று எழுதிக் காட்டினேன். கை திக்கவில்லை. முடித்துத் திரும்பினால், கடிகாரம் பார்த்தவர் அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டுப் பலகையையே காட்டினார்.

வெளியே அம்மா ஓடி வந்தார். "நல்லா பேசினியாடி?"

"பே... பேசலம்மா. எழுதினேன்."

அம்மாவின் முகம் வாடிவிட்டது. நடந்ததைத் திக்கித் திக்கிச் சொல்லி முடித்ததும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். இடம் கிடைத்தது. வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியை அவரே திருப்பி மாட்டினார்.

பிறகு நான் கணக்கு டீச்சர் ஆனேன். இன்னும் திக்குகிறேன். உங்களுக்கு ஒன்று சொல்வேன்: ஆண்டவரிடம் போய் நன்றாக இருக்கிறேன் என்று நடிக்காதீர்கள். வலித்தால் வலிக்கிறது என்றே சொல்லுங்கள். 'பிதாவே' என்று கூப்பிட எனக்கு இன்றும் நேரமாகும். நான் சொல்லி முடிக்கும்வரை அவர் காத்திருக்கிறார்.