நான்ஜிங் வீதியில் ஆறு மீட்டர் சிவப்பு

ஷாங்காய் நகரத்து நான்ஜிங் வீதிக்கு நானும் மச்சாளும் சேர்ந்து போவதாகத்தான் இருந்தது. மச்சாள் என் கணவரின் அக்கா. கனடாவின் மொன்றியல் நகரில், லாசால் பகுதியில் எங்களோடுதான் இருந்தார். அங்கே நாங்கள் இருவரும் ஒரே தையல் ஆலையில் வேலை செய்தபோது, பக்கத்து மெசினில் இருந்த ஷாங்காய்க்காரி அந்த வீதியின் பட்டுக்கடைகளைப் பற்றிச் சொல்லிச் சொல்லியே எங்களைக் கெடுத்துவிட்டாள். டிக்கெட் போட்ட பிறகு மச்சாளுக்குப் புற்றுநோய், அதுவும் முற்றியது என்று தெரிந்தது. பயணத்தை நிறுத்தப் பார்த்தேன். "நீ போ. போனிலை எனக்குக் காட்டு" என்று விரட்டிவிட்டார். போன ஜூனில் தனியாகப் புறப்பட்டேன்.

வன்கூவரில் விமானம் மாற வேண்டும். ஷாங்காயில் இறங்கியதும் இரண்டாம் இலக்க மெட்ரோவைப் பிடியுங்கள். ஏழு யுவான், ஒன்றேகால் மணி நேரம். கிழக்கு நான்ஜிங் வீதி நிலையத்தில் இறங்கி வெளியே வந்தால் வீதிதான். வாகனம் ஓடாத பகுதி ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நடக்க முடியாதவர்களுக்குப் பத்து யுவானில் ஒரு குட்டி ரயில் ஓடுகிறது. மச்சாளின் முழங்காலை நினைத்து அதை எப்போதோ விசாரித்து வைத்திருந்தேன். நான் அதில் ஏறவில்லை.

மாலை ஏழு மணிக்கு வீடியோவில் அழைத்தேன். மொன்றியலில் காலை ஏழு. மச்சாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்திருந்தார். விளக்குப் பலகைகளையும் திருவிழாக் கூட்டத்தையும் காட்டிக்கொண்டே நடந்தேன்.

"லைட்டைக் காட்டினது காணும். துணியைக் காட்டு" என்றார்.

பட்டுக்கடையில் நீலம் காட்டினேன், பச்சை காட்டினேன்.

"உந்தச் சிவப்பு என்ன விலை?"

மீட்டர் நூற்றறுபது யுவான். விற்பனைப் பெண் கல்குலேட்டரை நீட்ட, "குறைக்கச் சொல்லு" என்று உலகத்தின் மறுபக்கத்திலிருந்து அதட்டல் வந்தது. ஒரு சதமும் குறையவில்லை.

"சரி, ஆறு மீட்டர் வெட்டச் சொல்லு. சாறிக்குக் காணும்."

"ஆருக்கு மச்சாள்?"

"எனக்குத்தான். பெட்டிக்குள்ளை எனக்கு இதைத்தான் உடுத்தோணும். நீதான் உடுத்திவிடோணும்."

மச்சாள் சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர். அதற்குப் பிறகு அவர் சிவப்பு உடுத்தி நான் கண்டதில்லை. எங்கள் குடும்பத்தில் விதவைக்குச் சவப்பெட்டியிலும் வெள்ளைதான்.

"சனம் கதைக்கும், மச்சாள்."

"கதைக்கட்டும். நான் கேக்கவோ போறன்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. சீனாவில் சிவப்பு கல்யாணத்துக்குரிய நிறம். விற்பனைப் பெண்ணும் அப்படித்தான் நினைத்திருப்பாள். சிரித்த முகத்தோடு இரண்டு கையாலும் பொதியை நீட்டினாள். பெய்ஜிங் போகும் திட்டத்தை விட்டுவிட்டு, அடுத்து கிடைத்த விமானத்தில் திரும்பினேன்.

மச்சாள் துணியை விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தார். "நல்ல நெசவு. ஆனாலும் விலை கூடத்தான்" என்றார். அடுத்த கிழமை போய்விட்டார்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். நாம் வழக்கமாகக் கதைக்கும் செயலிகள் அங்கே வேலை செய்யாது. கனடாவிலிருந்தே ரோமிங் போட்டுக்கொண்டு போனால் கதைக்கலாம். பெரிய கடைகளில் பேரம் பேசி நேரத்தை வீணாக்காதீர்கள். யாருக்காவது காட்டுவதாகச் சொல்லியிருந்தால் போன முதல் நாளே காட்டிவிடுங்கள். சேலைக்கு ஆறு மீட்டர் அளவாக இருக்கும். மச்சாளுக்குக் கூடிவிட்டது, அவ்வளவு மெலிந்திருந்தார். கொய்யகத்தில் இன்னும் நாலு மடிப்பு வைத்து உடுத்திவிட்டேன்.

சனம் கதைத்தது. கேட்டது நான்தான்.