பழைய பதிப்பை நிறுத்தச் சொன்னார்கள்

1. அறிவிப்பு

எங்கள் மென்பொருளின் பழைய பதிப்பை நிறுத்தப் போவதாக மேனேஜர் ரமணன் சார் சென்னையிலிருந்து வீடியோ மீட்டிங்கில் சொன்னபோது, செஞ்சி கிளையில் நான் நோட்டில் எழுதுவதை நிறுத்தினேன். அந்தப் பதிப்புக்கு சப்போர்ட் கொடுப்பதுதான் எங்கள் வேலையே.

பெரிய நிறுவனங்களின் நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் மென்பொருள் அது. நான் சேர்ந்த புதிதில் நெட்வொர்க்கில் கருவிகளை இணைக்கும் ஒவ்வொரு ஸ்விட்ச் பெட்டிக்கும், இருக்கிறாயா என்று கேட்பதுபோல் பிங் அனுப்பும்; பதில் வராவிட்டால் சிவப்பு காட்டும். அவ்வளவுதான். பிறகு டேட்டா டிராஃபிக் கணக்கு, எஸ்எம்எஸ் அலாரம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. இதுவரை வாடிக்கையாளரின் சர்வரிலேயே ஓடியது, இனி இணையவழி கிளவுடுக்குப் போகிறது. எல்லாரையும் புதியதற்கு மாற்றித் தரும் பொறுப்பு எங்களுக்கு.

மீட்டிங் முடிந்ததும் பக்கத்து நாற்காலி கலைவாணி மெல்லக் கேட்டாள்: "மாத்தி முடிச்சப்புறம் நமக்கு இன்னாக்கா வேலை இருக்குது?"

எனக்கும் தெரியவில்லை. அனந்தபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குப் போனதும், முகம் ஏன் வாடியிருக்கிறது என்று நைனா கேட்டார். தலைவலி என்றேன்.

2. இரண்டு திரைகள்

முதலில் மாற்றியது புதுச்சேரியில் ஒரு மருத்துவமனை. கொஞ்ச நாள் இரண்டு பதிப்பும் சேர்ந்து ஓடட்டும் என்று கேட்டேன். வீண் வேலை என்று முணுமுணுத்துத்தான் ரமணன் சார் ஒப்புக்கொண்டார்.

ஒரு காலையில் அந்த மருத்துவமனையின் நெட்வொர்க் பொறுப்பாளர் ஜோசப் சாரிடமிருந்து போன். ஐசியு மானிட்டர்களின் அளவுகள் நர்ஸ் மேசைக்கு வருவது நின்றுவிட்டதாம். ஒவ்வொரு படுக்கைக்கும் ஆளை நிறுத்தியிருந்தார்கள்.

"புது ஸ்கிரீன்ல எல்லாம் பச்சையா இருக்குது. பழசுல ஒண்ணு செவப்பு. நான் எதம்மா நம்பறது?"

பழசை நம்புங்கள், ஐசியு ஸ்விட்சைப் பாருங்கள் என்றேன். அவர் திரும்பக் கூப்பிடும்வரை ஹெட்செட்டைக் கழற்றவில்லை. ஸ்விட்சின் பவர் சப்ளை போயிருந்தது; மாற்றிவிட்டார்கள். நோயாளிகள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மென்பொருளின் லாகை, அதாவது நிகழ்வுப் பதிவைப் பார்த்தபோது காரணம் புரிந்தது. ஒரு கருவியிடமிருந்து பதில் வராவிட்டால், புதிய பதிப்பு கடைசியாகத் தெரிந்த நிலையையே காட்டிக்கொண்டிருந்தது.

3. மெயில்

ரமணன் சாருக்கு இதைச் சொல்லி மெயில் எழுதினேன். கலைவாணி தடுத்தாள். "அனுப்பாதக்கா. வேலை பூடும்னு பயந்து குத்தம் சொல்றாங்கன்னுதான் நெனப்பாங்க."

அவள் சொன்னதில் தப்பில்லை. புதியதில் ஓட்டை என்று தெரிந்ததும் எனக்குள் ஒரு ஓரத்தில் நிம்மதி வந்ததே, அதுதான் என்னை இன்னும் தயங்க வைத்தது. ஆனாலும் அனுப்பிவிட்டேன்.

ரமணன் சார் உடனே கூப்பிட்டார். "பழசைக் காப்பாத்தத்தானே இதைச் சொல்றீங்க?"

"பழசை நிறுத்திடுங்க சார். புதுசுல இதைச் சரி பண்ணிட்டு நிறுத்துங்க."

அவர் லாகை அனுப்பச் சொன்னார்.

இப்போது புதிய பதிப்பில் பதில் வராத கருவி சாம்பல் நிறத்தில் தெரிகிறது. பழைய பதிப்பை நிறுத்திவிட்டார்கள். எங்களில் சிலர் வேறு வேலை தேடிப் போனார்கள். நானும் கலைவாணியும் புதிய பதிப்பின் டெஸ்டிங்கில் இருக்கிறோம். அடுத்த திட்டத்தில் கோளாறை மென்பொருளே சரிசெய்துகொள்ளுமாம். அதைக் கேட்டதிலிருந்து மறுபடி வேலை போய்விடுமோ என்ற பயம்.

புதிதாகச் சேர்பவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்வேன். பயம் தெளிந்தபின் அனுப்பலாம் என்று இருந்திருந்தால் அந்த மெயில் போயே இருக்காது. நான் பயத்தோடுதான் அனுப்பினேன்.